பட்டறைப் பதில்கள்: சக்கரம் முனகினால் பாட்டை நிறுத்துங்கள்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை சக்கரச் சத்தம் பற்றியவை. அதனால் எஞ்சின், பேட்டரி கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டு, வீல் பேரிங் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். சக்கரம் உரசாமல் சுற்ற உதவும் பாகம் அது: ஓர் உள் வளையம், ஒரு வெளி வளையம், இரண்டுக்கும் இடையே உருளும் குண்டுகள் அல்லது உருளைகள். நாமக்கல்லில் 31 ஆண்டுகளாக வேன்களும் மினி லாரிகளும் பார்க்கிறேன். மூன்று லட்சம், நான்கு லட்சம் கிலோமீட்டர் ஓடிய வண்டிகள்தான் என் பட்டறைக்கு அதிகம் வருகின்றன. சொல்லாமல் கொள்ளாமல் போன பேரிங் என்று அவற்றில் ஒன்றைக்கூட நான் பார்த்ததில்லை. எல்லாம் வாரக்கணக்கில் முனகிவிட்டுத்தான் போயிருக்கின்றன.

எங்கள் வேன் 3,60,000 கிலோமீட்டர் ஓடிவிட்டது. 12 இருக்கை, முன்னால் டிஸ்க், பின்னால் டிரம். தினமும் ஆட்களை ஏற்றிச் சேலம் போய்வருகிறேன். 50 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டியதும் தரைக்கு அடியிலிருந்து ‘ஊம்ம்’ என்று ஒரு சத்தம் வருகிறது. ஒரு மெக்கானிக் டயர் என்கிறார். இன்னொருவர் கிரௌன் (பின் ஆக்சிலின் நடுவில் இருக்கும் பல்சக்கரம்) என்கிறார். மூன்றாமவர் நான்கு சக்கரத்துக்கும் பேரிங் மாற்றச் சொல்கிறார். யாரை நம்புவது? – வாசகர், ராசிபுரம்

ஐயா, அந்த மூவரில் ஒருவராவது ஜாக்கி போட்டுச் சக்கரத்தைத் தூக்கிப் பார்த்ததாக உங்கள் கடிதத்தில் இல்லை. தூக்காமல் சொன்ன தீர்ப்பை நம்பிப் பணத்தைக் கொட்டாதீர்கள். நான்கு பேரிங்கையும் ஒருசேர மாற்றச் சொல்வது, வயிற்றுவலி என்று வந்தவருக்குக் கடையிலுள்ள எல்லா மாத்திரையையும் கொடுப்பது போன்றது.

முதலில் சாலையில் பாருங்கள். ஆள் ஏற்றாமல், ஜன்னல்களை மூடி, பாட்டை நிறுத்திவிட்டு, நெடுஞ்சாலை வெறிச்சோடியிருக்கும் அதிகாலையில் 60 கிலோமீட்டர் வேகத்துக்குப் போங்கள். மேடு பள்ளம் இல்லாத நேர்ச் சாலையில், முன்னும் பின்னும் வண்டி இல்லாதபோது, கியரை நியூட்ரலுக்குத் தள்ளுங்கள். எஞ்சின் அடங்கிய பிறகும் சத்தம் அப்படியே இருந்து, வண்டியின் வேகம் குறையக் குறைய அதுவும் இறங்கினால், அது எஞ்சின் சத்தம் அல்ல. சக்கரத்தோடு சுற்றும் ஏதோ ஒன்று. கிரௌன் சத்தத்துக்கு ஒரு குணம் உண்டு. ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போது ஒரு சுருதி, காலை எடுத்ததும் வேறு சுருதி. பேரிங்குக்கு உங்கள் கால் எங்கே இருக்கிறது என்பது பொருட்டே இல்லை. டயர்ச் சத்தமோ சாலை மாறினால் மாறும். புதிதாகத் தார் போட்ட வழவழப்பான பகுதிக்கு வந்ததும் சத்தம் அமுங்கி, பழைய சொரசொரப்பான பகுதியில் மீண்டும் எழுந்தால், டயர்மேல் சந்தேகப்படலாம். சந்தேகம் தீராவிட்டால் முன் டயரையும் பின் டயரையும் இடம் மாற்றிப் பாருங்கள். சத்தமும் கூடவே இடம் மாறினால் அது டயர்தான். ஆனால் ஒன்று: ஆட்டம் கண்ட பேரிங் டயரையே மேடும் பள்ளமுமாகத் தின்றுவிடும். அப்போது இரண்டு சத்தமும் சேர்ந்து வரும். டயரின் மேல் உள்ளங்கையை வைத்து முன்னும் பின்னும் தடவிப் பார்த்தால் அலை அலையாகத் தெரியும்.

அடுத்தது வளைவு. நீளமான, மெதுவாக வளையும் இடத்தில் இதைக் கேட்க வேண்டும். இடப்பக்கம் திரும்பும்போது வண்டியின் பாரம் வலப்பக்கச் சக்கரங்கள்மேல் சாயும். அப்போது முனகல் ஏறி, வலப்பக்கம் திரும்பும்போது அடங்கினால், பெரும்பாலும் வலப்பக்கப் பேரிங்தான். கொல்லிமலை ஏறும் ஓட்டுநர்கள் சிலர், ‘70 கொண்டை ஊசி வளைவிலும் கேட்டுப் பார்த்தேன், ஒன்றும் தெரியவில்லை’ என்பார்கள். தெரியாது. அங்கே வேகம் 15, 20தான் இருக்கும். முனகுவதற்கு அந்த வேகம் போதாது. அந்த வளைவுகளில் ‘டக்’, ‘டக்’ என்று அடிக்கும் சத்தம் கேட்டால், அது பெரும்பாலும் பால் ஜாயிண்டோ வேறு ஏதாவது தேய்ந்த இணைப்போ ஆக இருக்கும்.

வேனில் இன்னொரு சிக்கல் உண்டு. உள்ளே காலி இடம் அதிகம், தகரத் தரை. பின் சக்கரச் சத்தம் ஓட்டுநரின் காலடியில் எழுவதுபோல் கேட்கும். அதனால் காது சொன்ன இடத்தைக் கை உறுதிசெய்ய வேண்டும்.

வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, தரையில் நிற்கும் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுங்கள். ஜாக்கியால் தூக்கி, ஸ்டாண்டு வைத்து, நியூட்ரலில் போட்டு, கை பிரேக்கை விடுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி ஒரு விரலைக்கூடக் கீழே நீட்டாதீர்கள். இப்போது சக்கரத்தைக் கடிகாரமாக நினைத்துக்கொண்டு, 12 மணி இடத்தில் ஒரு கையும் 6 மணி இடத்தில் ஒரு கையும் வைத்து மாற்றி மாற்றித் தள்ளி இழுங்கள். பிறகு 3 மணியிலும் 9 மணியிலும் அதையே செய்யுங்கள். பக்கவாட்டில் மட்டும் ஆடினால், ஸ்டீயரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் டை ராடு முனையைப் பாருங்கள். மேலும் கீழும் ஆடினால் பேரிங்காகவும் இருக்கலாம், முன் சக்கரம் திரும்புவதற்கான இணைப்பான பால் ஜாயிண்ட் அல்லது கிங் பின்னாகவும் இருக்கலாம். இதைப் பிரிக்க எளிய வழி ஒன்று உண்டு. ஒருவரைப் பிரேக்கை அழுத்திப் பிடிக்கச் சொல்லிவிட்டு மீண்டும் ஆட்டுங்கள். பிரேக் பிடித்ததும் ஆட்டம் மறைந்தால் அது பேரிங். பிரேக் பிடித்தும் ஆடினால் பேரிங் குற்றமற்றது. இந்த ஒரு சோதனையைச் செய்யாமல் பேரிங் மாற்றிவிட்டு, ஆட்டம் போகவில்லை என்று திரும்பி வந்த வண்டிகள் எத்தனையோ.

ஆட்டமே இல்லாமலும் பேரிங் போயிருக்கலாம். அதற்குத்தான் கை. ஒரு கையால் சக்கரத்தைச் சுற்றிவிட்டு, இன்னொரு கையின் விரல்களை அந்தச் சக்கரத்தின் ஸ்பிரிங்மேல் மெதுவாக வையுங்கள், அழுத்த வேண்டாம். நல்ல பேரிங் என்றால் தண்ணீர் ஓடும் குழாயைத் தொட்டதுபோல் இருக்கும். போய்க்கொண்டிருக்கும் பேரிங், ஊறாத உளுந்தைப் போட்டு ஆட்டுக்கல்லைச் சுற்றுவதுபோல் நறநறவென்று விரல்நுனிக்கு வரும். எனக்குத் தொழில் கற்றுத்தந்த மேஸ்திரி, பட்டறையில் எத்தனை இரைச்சல் இருந்தாலும் கண்ணை மூடிக்கொண்டு ஸ்பிரிங்கைத் தொட்டே சொல்லிவிடுவார். எனக்கு அது பிடிபட ஓராண்டு ஆனது. உங்களுக்கு ஒரே நாளில் பிடிபடவும் வழி இருக்கிறது: நான்கு சக்கரத்தையும் ஒன்றன்பின் ஒன்றாகத் தொட்டுப் பாருங்கள். மற்ற மூன்றோடு ஒப்பிடும்போது கெட்டது தானாகத் தெரியும்.

எது கெட்டதோ அதை மாற்றுங்கள். உங்கள் வண்டியில் கழற்றிக் கிரீஸ் வைக்கும் வகைப் பேரிங் என்றால், எதிர்ப்பக்கத்தையும் திறந்து பார்த்து, கழுவிப் புதுக் கிரீஸ் வையுங்கள். மூடிய வகை ஹப் (சக்கரத்தின் நடுப்பகுதியும் பேரிங்கும் ஒரே துண்டாக வருவது) என்றால், நன்றாக இருப்பதைத் தொட வேண்டாம்.

நான் பள்ளி வேன் நடத்துகிறேன். முன் சக்கரத்தில் ஆட்டம் இருக்கிறது என்று ஓட்டுநர் சொன்னார். பக்கத்துப் பட்டறையில் நட்டை நன்றாக இறுக்கிக் கொடுத்தார்கள். ஆட்டமும் போய்விட்டது, சத்தமும் போய்விட்டது. ஆனால் மாலையில் வண்டி வந்ததும் அந்தச் சக்கரம் மட்டும் சுடுகிறது. வெயிலினால் இருக்குமா? – வாசகி, சங்ககிரி

அம்மா, வெயில் ஒரு சக்கரத்தை மட்டும் சுடாது. இந்தப் பக்கத்தைப் படித்து முடித்ததும் ஓட்டுநரை அழைத்து, நாளை காலை பிள்ளைகளுக்கு வேறு வண்டி ஏற்பாடு செய்யச் சொல்லுங்கள். அவசரம் என்று நான் எளிதில் எழுதுவதில்லை. இது அவசரம்.

உங்கள் வேனில் இருப்பது கூம்பு வடிவ உருளைகள் கொண்ட பேரிங்காக இருக்க வேண்டும். நட்டை இறுக்கினால் ஆட்டம் போகிறது என்பதே அதற்குச் சான்று. ஹென்றி டிம்கென் 1898இல் காப்புரிமை பெற்ற அதே கூம்பு உருளைப் பேரிங்தான். இந்த வகையில் நட்டு எவ்வளவு இறுகியிருக்கிறது என்பதில்தான் உயிரே இருக்கிறது. அளவுக்கு மேல் இறுக்கினால் உருளைகள் நசுங்கிக்கொண்டு சுற்றும், சூடேறும், கிரீஸ் உருகி வெளியே வழியும், பிறகு இரும்பும் இரும்பும் உரசும். சத்தம் போய்விட்டது என்கிறீர்கள். நோய் தீர்ந்ததால் போன சத்தம் அல்ல அது. வாயைக் கட்டியதால் போனது.

இப்படி இறுக்கிய ஒரு வேன் பல ஆண்டுகளுக்கு முன் என் பட்டறைக்குக் கட்டி இழுத்து வரப்பட்டது. பேரிங்கின் உள் வளையம் ஸ்டப் ஆக்சிலோடு, அதாவது பேரிங் உட்காரும் குட்டை அச்சோடு, உருகி ஒட்டிக்கொண்டு கருநீலமாக மாறியிருந்தது. உருளைகளைப் பிடித்திருக்கும் கூண்டு, சோளப்பொரியைக் கையில் நசுக்கியதுபோல் துண்டு துண்டாக உதிர்ந்தது. சக்கரம் உட்பக்கம் சாய்ந்து நின்றது. ஆலைக்குப் போகும் 14 பெண்கள் அதில் இருந்தார்கள். வேகம் குறைவாக இருந்த இடத்தில் நடந்ததால் அனைவரும் நடந்தே வீடு திரும்பினார்கள். அந்த ஸ்டப் ஆக்சிலை இன்றும் மேசை மேல் வைத்திருக்கிறேன். புதிதாக வேலைக்கு வரும் பையன்களுக்கு முதலில் காட்டுவது அதைத்தான்.

சரியான முறை இது. சக்கரத்தைக் கையால் சுற்றிக்கொண்டே நட்டை இறுக்க வேண்டும். அப்போதுதான் உருளைகள் தத்தம் இடத்தில் உட்காரும். பிறகு நட்டைத் தளர்த்திவிட்டு, விரல் வலுவால் மட்டும் மீண்டும் முட்டவைத்து, நட்டு கழலாமல் பிடிக்கும் காட்டர் பின்னின் துளை பொருந்தும் இடத்தில் நிறுத்த வேண்டும். துளை பொருந்தவில்லை என்றால் சற்றுத் தளர்த்தித்தான் பொருத்த வேண்டும். இறுக்கிப் பொருத்தக் கூடாது. முடிந்ததும் ஹப்பில் மிக மெல்லிய ஆட்டம் மீதி இருக்கும். பொதுவாக 0.025 முதல் 0.125 மில்லிமீட்டர் வரை விடுவார்கள். தலைமுடியின் கனம் அளவு என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் வண்டிக்கு உரிய அளவு கம்பெனிப் புத்தகத்தில் இருந்தால் அதுதான் இறுதி. காட்டர் பின் ஒவ்வொரு முறையும் புதிதாக இருக்க வேண்டும். பழையதை நிமிர்த்திப் போட்டார்கள் என்றால் அந்தப் பட்டறைக்கு மீண்டும் போகாதீர்கள்.

சூடு ஏறிய பேரிங்கை இனித் தளர்த்தினாலும் பயனில்லை. உள், வெளி இரண்டையும், வளையங்களோடு, ஆயில் சீலோடு மாற்றுங்கள். ஸ்டப் ஆக்சிலில் நீலம் பாய்ந்திருக்கிறதா, வரி விழுந்திருக்கிறதா என்று நீங்களே எதிரில் நின்று பாருங்கள். அதோடு, அந்தச் சக்கரத்தில் பிரேக் பிடித்துக்கொண்டிருக்கிறதா என்பதையும் பார்க்கச் சொல்லுங்கள். பிரேக் விடாமல் உரசினாலும் ஒரு சக்கரம் மட்டும் சுடும்.

நான் இரண்டு ஆண்டுகளாகப் பட்டறை வைத்திருக்கிறேன். ஒரு வேனுக்குப் புது பேரிங் போட்டு 4,000 கிலோமீட்டர்கூட ஆகவில்லை, மீண்டும் சத்தம். வாடிக்கையாளர் என்மேல் கோபமாக இருக்கிறார். பேரிங் போலியா? – வாசகர், திண்டுக்கல்

தம்பி, போலியாக இருக்கலாம். பெட்டியும் எழுத்தும் அசலைப்போலவே அச்சடித்து வருகின்றன. பெரிய நிறுவனங்கள் சில, பெட்டியையும் பேரிங்கையும் படம் எடுத்து அனுப்பிச் சரிபார்க்கக் கைபேசிச் செயலிகளே வைத்திருக்கின்றன, எஸ்.கே.எஃப். அப்படி ஒன்று வைத்திருக்கிறது. ஆனால் கடைக்காரரோடு சண்டைக்குப் போகும்முன் கழற்றிய பேரிங்கை மண்ணெண்ணெயில் கழுவி, வெளிச்சத்தில் வைத்துப் பார்.

வளையத்தின் ஓடுபாதையில், உருளைகளுக்கோ குண்டுகளுக்கோ இடையே உள்ள அதே இடைவெளியில் வரிசையாகச் சிறு குழிகள் தெரிந்தால், அது உன் சுத்தியல் செய்த வேலை. இறுக்கமாக உட்கார வேண்டிய வளையத்தின்மேல்தான் அழுத்தம் கொடுக்க வேண்டும். ஹப்பினுள் வெளி வளையம் இறுக்கம் என்றால் வெளி வளையத்தில். ஷாஃப்ட்டில் உள் வளையம் இறுக்கம் என்றால் உள் வளையத்தில். மாற்றிக் கொடுத்தால் அந்த அடி முழுவதும் குண்டுகள் வழியாகப் போய்ப் பாதையில் குழி விழும். போடும்போது ஒன்றும் தெரியாது. ஓட ஓட முனகும். பேரிங்கை அழுத்திப் பொருத்தும் பிரஸ் இல்லை என்றால் பக்கத்து லேத் பட்டறைக்கு எடுத்துப் போ. அந்த அரை மணி நேரத்தை மிச்சம்பிடித்ததால்தான் இன்று வாடிக்கையாளர் கோபமாக நிற்கிறார் என்று நினைக்கிறேன்.

குழிகள் இல்லாமல் பாதை முழுவதும் மங்கலாக, பொடிக் கீறல்களோடு இருந்தால், தூசி. பேரிங்கைப் பெட்டியிலிருந்து எடுத்துத் தரையில் விரித்த செய்தித்தாளில் வைத்தாயா? கிரீஸ் டப்பா மூடாமல் இருந்ததா? பழைய கிரீஸ்மேல் புதியதை அப்பினாயா? கிரீஸ் வகைகள் எல்லாம் ஒன்றோடொன்று சேராது. சேராத இரண்டைக் கலந்தால் மோர்போல இளகி வழிந்துவிடும். நிறம் ஒன்றாக இருப்பதால் வகை ஒன்றாகிவிடாது. முழுவதும் கழுவித் துடைத்த பிறகே புதியது. உருளைகளின் இடுக்கெல்லாம் புகும்படி உள்ளங்கையில் வைத்துத் தேய்த்து ஏற்று. ஆனால் ஹப்பின் உட்குழியை முழுக்க அடைக்காதே. மூன்றில் ஒரு பங்கு முதல் பாதி வரை போதும். நிரம்ப அடைத்தால் கிரீஸ் கடையப்பட்டே சூடேறும்.

பழைய வெளி வளையத்தை ஹப்பிலேயே விட்டுவிட்டு உருளைப் பகுதியை மட்டும் புதிதாகப் போடும் பழக்கம் பல இடங்களில் இருக்கிறது. தயவுசெய்து அதைச் செய்யாதே. இரண்டும் சோடியாகத்தான் மாற வேண்டும்.

வெள்ளத்தில் ஒரு மணி நேரம் சக்கரம் மூழ்கி நின்றது. இப்போது எந்தச் சத்தமும் இல்லை. விட்டுவிடலாமா? – வாசகர், கடலூர்

விடாதீர்கள். ஓடிச் சூடான ஹப் குளிர்ந்த தண்ணீரில் இறங்கும்போது உள்ளே இருக்கும் காற்று சுருங்கி, சீல் வழியாகத் தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். உள்ளே போன நீர் கிரீஸைப் பால்போல வெளுக்கவைத்து, உருளை நிற்கும் இடங்களில் துருப்புள்ளி வைக்கும். சத்தமாக வெளிவர ஓரிரு மாதம் பிடிக்கும். மழைக்காலம் முடிந்த பிறகு இத்தகைய கடிதங்கள் குவிவதற்கு இதுதான் காரணம். திறந்து பார்க்கும் வகை என்றால் இப்போதே திறந்து கிரீஸ் மாற்றுங்கள். மூடிய வகை என்றால், முதல் பதிலில் சொன்ன ஸ்பிரிங் சோதனையை வாரம் ஒருமுறை செய்யுங்கள்.

பழைய ஆம்னி வாங்கப் போகிறேன். பேரிங் விஷயத்தில் எதைப் பார்க்க வேண்டும்? – வாசகர், பெருந்துறை

1984 முதல் 2019 வரை தயாரான வண்டி. உதிரிபாகத்துக்குப் பஞ்சம் இல்லை. பின் சக்கரங்களின் உட்பக்கத்தைக் குனிந்து பாருங்கள். பிரேக் தட்டின் அடியில் ஈரமாக, கறுப்பாக எண்ணெய் கசிந்திருந்தால் ஆக்சில் சீல் போய்விட்டது. பேரிங் ஆட்டம் கண்டால் ஷாஃப்ட் ஆடும், ஷாஃப்ட் ஆடினால் சீல் தாங்காது, கிரௌன் எண்ணெய் டிரம்முக்குள் இறங்கிப் பிரேக் லைனரை நனைக்கும். அப்புறம் பிரேக் ஒரு பக்கமாக இழுக்கும். விற்பவர் சீலை மட்டும் மாற்றித் தருகிறேன் என்றால் ஒப்புக்கொள்ளாதீர்கள். பேரிங்கும் சேர்ந்தே மாற வேண்டும். ஓட்டிப் பார்க்கும்போது விற்பவர் பாட்டுப் போட்டால் நிறுத்தச் சொல்லுங்கள். மீட்டரில் இருக்கும் கிலோமீட்டரை விட உங்கள் விரல்நுனியை நம்புங்கள்.

முட்டை ஏற்றும் வேன். 2,80,000 கிலோமீட்டர். எப்போதும் இடப்பக்கப் பின் சக்கரப் பேரிங் மட்டுமே போகிறது. மூன்று ஆண்டில் மூன்று முறை மாற்றிவிட்டேன். வலப்பக்கம் வாங்கியபோது இருந்ததுதான். ஏன் இப்படி? – வாசகர், மோகனூர்

உங்கள் கேள்விதான் இந்த மாதம் என்னை அதிகம் யோசிக்கவைத்தது. நாம் சாலையின் இடப்பக்கம் ஓட்டுகிறோம். எதிரில் பஸ் வந்தால் மண்ணில் இறங்குவது இடச் சக்கரம். ஓரத்துக் குழியும், ஓரத்தில் தேங்கும் நீரும் அதற்குத்தான். ஆனால் மூன்றுக்குப் பூச்சியம் என்பதை அது மட்டும் விளக்காது.

சுமையைக் கேட்கிறேன். பேரிங் கணக்கில் சுமை கூடினால் ஆயுள் அதே அளவில் குறைவதில்லை. பல மடங்கு குறைகிறது. உருளைப் பேரிங்கில் 20 சதவீதம் கூடுதல் பாரம் ஏற்றினால் ஆயுள் ஏறக்குறைய பாதியாகிவிடும். குண்டுப் பேரிங்கில் பாரம் இரட்டிப்பானால் ஆயுள் எட்டில் ஒரு பங்குதான். அட்டிகளை ஏற்றும்போது கதவுக்கு எதிர்ப்பக்கமாகத் தள்ளி அடுக்கும் வழக்கம் உண்டா? பாதி இறக்கிய பிறகு மீதி எந்தப் பக்கம் நிற்கிறது? ஒரு முழுச் சுற்று கூடவே போய் அதைப் பாருங்கள்.

அதிலும் ஒன்றும் இல்லை என்றால், பேரிங் உட்காரும் இடமே தேய்ந்திருக்கலாம் அல்லது ஹவுசிங் (ஆக்சிலை மூடியிருக்கும் கூடு) வளைந்திருக்கலாம். எப்போதோ ஒரு பெரிய குழியில் விழுந்ததற்கு உங்கள் ஓட்டுநர் சாட்சி சொல்லக்கூடும். புது பேரிங் கையால் அழுத்தியதுமே தடையின்றி உள்ளே போனதா என்று மாற்றிய மெக்கானிக்கிடம் கேளுங்கள். இறுக்கமாக உட்கார வேண்டிய இடத்தில் அப்படிப் போனது என்றால் அந்த இடம் அகன்றுவிட்டது. எத்தனை பேரிங் போட்டாலும் உள்ளே வழுக்கிச் சுற்றிக்கொண்டுதான் இருக்கும்.

அடுத்த முறை கழற்றும் பேரிங்கைப் பழைய இரும்புக்குப் போடாதீர்கள். வெளி வளையத்தின் ஓடுபாதையைப் பாருங்கள். தேய்ந்த தடம் சாயாமல் நேராக இருந்தால் சுமையைத் தேடுங்கள். ஒரு புறம் மேலேறியும் எதிர்ப்புறம் கீழிறங்கியும் தேய்ந்திருந்தால் பேரிங் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறது. ஹவுசிங்கைக் கழற்றி லேத்தில் ஏற்றி அளக்க வேண்டும். மோகனூரிலிருந்து நாமக்கல் தொலைவில்லை. அந்தப் பேரிங்கைத் துடைக்காமல், கிரீஸோடு அப்படியே ஒரு காகிதத்தில் சுற்றி என்னிடம் கொண்டுவாருங்கள்.